பத்தாவது மாணவர்

நூறாண்டுப் போருக்கு இங்கிலாந்து அரசர்கள் ஆயிரக்கணக்கில் வில்லாளிகளைத் திரட்டினார்கள். அதைப் படிப்பிக்கப் பத்து மாணவரைத் திரட்ட ரதீசனால் முடியவில்லை. ஒன்பதில் நின்றது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பத்தாகாவிட்டால் வகுப்பு ரத்து. ஒப்பந்த விரிவுரையாளனான அவனுக்கு இந்தப் பருவத்தில் வேறு வகுப்பும் இல்லை. கலாநிதிப் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கப் போகவேண்டியதுதான் என்று நினைத்தபோதுதான், அங்கே பெட்டி தூக்கி ஓய்வுபெற்ற, மனைவியின் தமையன் அருமைராசாவின் ஞாபகம் வந்தது.

"பேரைப் பதிஞ்சுபோட்டுப் பின்னுக்கு இருந்து நித்திரை கொள்ளுங்கோ அண்ணை."

"என்ன பாடம்?"

"பிரான்சிலை நடந்த சண்டை. அறுநூறு வருசத்துக்கு முந்தி."

"அப்பச் சரி. தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இருக்கமாட்டினம்."

வெள்ளி காலை வந்து, சொன்னபடியே வாயைத் திறந்து தூங்கினார். ரதீசன் பதினொரு வருடப் பழைய குறிப்புகளை வாசித்தான். 1418, ரூவான் நகர முற்றுகை. சாப்பாடு முடிய, நகரத்தார் ஏழைகளை மதிலுக்கு வெளியே துரத்தினார்கள். இங்கிலாந்துப் படை அவர்களைப் போகவிடவில்லை. மதிலுக்கும் படைக்கும் நடுவே, அகழிக்குள், மாரி முழுக்கக் கிடந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளை நகரத்தார் கூடையில் மேலே தூக்கி, ஞானஸ்நானம் கொடுத்து, திரும்பக் கீழே இறக்கினார்கள். இந்த இடத்தில் மாணவரின் பேனாக்கள் நிற்கும். ரதீசனுக்கு அதில் ஒரு சின்னப் பெருமையும் உண்டு.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அருமைராசா எப்போது விழித்தார் என்று தெரியவில்லை. வன்னியில், போரின் கடைசி மாதங்களில், பதுங்குகுழிக்குள் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். ஒன்பது நாள் இருந்தாள். ரதீசனுக்குத் தெரிந்ததுதான். பதிவுப் பத்திரத்தில் அதற்குக் கட்டம் இருக்கவில்லை.

"ரதீசன், கூடையைத் திருப்பி இறக்கேக்கை, கீழை ஆர் வாங்கினது?"

வகுப்பு அந்தத் தமிழைத் திரும்பிப் பார்த்தது.

"எழுதிவைக்கேல்லை அண்ணை."

"மேலை கயித்தை விட்டவன்ரை பேர்?"

"அதுவும் இல்லை."

"ராசாவின்ரை பேர்?"

"அது இருக்கு."

"ஓம். அது இருக்கும்."

எழுந்து, கழற்றி வைத்திருந்த கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் என்ன கேட்டார் என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். ரதீசன் கடிகாரத்தைப் பார்த்தான்; பதினொன்றரை. ஒன்பது பேரையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே தாழ்வாரத்துக்கு ஓடினான்.

"அண்ணை, என்ரை பிழை. பேரை வெட்டிவிடுங்கோ. நான் வேறை வேலை பாப்பன்."

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோட் காலடியில் கிடக்க, அருமைராசா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஏந்திப் பிடித்து, எவ்வளவு உயரம் எட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.