ரம்புத்தான் மரத்தில் புஷ்பராணி

ஜூலைக் கடைசியில் பழம் ஓய்ந்ததும் ரம்புத்தான் மரத்தைக் கழித்துவிட வேண்டும். காய்த்து முடிந்த நுனிகளை வெட்டி, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கொம்புகளை எடுத்துவிட்டால்தான் அடுத்த ஆண்டு மரம் மறுபடி காய்க்கும். மலேசியாவில் ஈப்போவை அடுத்த செமோரில் அந்த மூலை வீட்டுக்குக் குடிவந்த நாள் முதல் இந்த வேலையைச் செய்துவந்தவர் குலசிங்கம். வடிகால் இலாகாவில் வேலை பார்த்தபோதுகூட, இதற்காகவே ஒரு நாள் லீவு போடுவார்.

இந்த ஆண்டு மார்ச்சில் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. கால் மெல்லத் தேறியது, மனம் தேறவில்லை. தோட்டத்தில் இறங்குவதையே விட்டுவிட்டார். பகலெல்லாம் ஹாலில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டிவி பார்ப்பார். தெரிந்த மரம்வெட்டி யாரையாவது கூப்பிடுவோமா என்று மனைவி புஷ்பராணி கேட்டதற்கு, "இந்த வருஷம் மரம் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

புஷ்பராணி ஈப்போ மருத்துவமனையில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் கிடக்கட்டும் என்று விட்டுப் பழக்கமில்லை. ஒரு புதன்கிழமை காலை, கணவரிடம் சொல்லாமல், டிராக் பேண்ட்டை மாட்டிக்கொண்டு அலுமினிய ஏணியைச் சாத்தி மரத்தில் ஏறினாள்.

மூன்று கொம்புகளை நன்றாகவே வெட்டினாள். நான்காவது கொம்பு அவள் நினைத்த பக்கம் விழவில்லை. ஏணியின் மேலேயே விழுந்தது. ஏணி சாய்ந்து, தோட்டத்து ஓரக் கால்வாயின் சிமெண்டு விளிம்பில் மோதி, ஒரு கால் வளைந்து கிடந்தது. புஷ்பராணி கிளைக்கவையில் உட்கார்ந்து அடிமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ!" என்று கூப்பிட்டாள். உள்ளே டிவி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கைப்பேசி சமையலறையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து முசுறு எறும்புகள் வேறு கூட்டிலிருந்து கிளம்பி வந்தன. அவை சட்டைக்குள் புகுந்து கடித்தபோது, எத்தனையோ நோயாளிகளிடம் "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று தான் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. பொறுப்பது அப்படியொன்றும் சுலபமாக இல்லை.

வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பார்சல் வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தது தினேஸ்வரி என்ற இளம்பெண். எதிர்வீட்டில் ஆள் இல்லாததால் பார்சலை இங்கே கொடுத்துவிட்டுப் போகலாமா என்று விசாரிக்க வாசல் கேட்டுக்கு வந்தாள்.

"ஹலோ! வீட்டுல ஆளு இருக்கா?"

"இருக்கிறன் பிள்ளை, மேல பாரும்!"

தினேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "அய்யோ ஆன்ட்டி! அங்க என்னா செய்யிறீங்க?"

"இறங்க வழியில்லாமல் இருக்கிறன். உள்ளுக்க அவர் இருக்கிறார், கூப்பிட்டு விடும்."

தினேஸ்வரி உள்ளே ஓடினாள். ஊன்றுகோலோடு வெளியே வந்த குலசிங்கம் மரத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். கோலைப் போட்டுவிட்டு ஏணியைத் தூக்கக் குனிந்தார்.

"நீங்கள் ஒன்றும் தூக்கக் கூடாது!" என்று மேலிருந்து அதட்டினாள் புஷ்பராணி.

தினேஸ்வரியே ஏணியை நிமிர்த்திப் பார்த்தாள். அது ஆடியது. "இது ஆவாது ஆன்ட்டி. கால் கோணிப் போச்சு." மரத்தையும் வேனையும் மாறிமாறிப் பார்த்தாள். "அங்கிள், கேட்டைப் பெருசா தொறங்க. வேனை அடியில கொண்டு வாரேன். ஆன்ட்டி மேல கால வெச்சு எறங்கட்டும்."

"பிள்ளை, கொம்பனி வேன். நசுங்கினால் உமக்குத்தான் கரைச்சல்" என்றாள் புஷ்பராணி.

"நசுங்குனா பாத்துக்கலாம் லா. நீங்க விழுந்தா என்னா செய்யிறது?"

புல்தரையில் வேனைப் பின்னால் எடுப்பது எளிதாக இல்லை. ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் வேலி. குலசிங்கம் கீழே போட்ட ஊன்றுகோலை எடுத்து உயர்த்தி வழிகாட்டினார். "வரட்டும், வரட்டும்... இடப்பக்கம் திருப்பும்... போதும், நில்லும்!" பல மாதங்களாக அந்தக் குரலில் இல்லாத உறுதியைப் புஷ்பராணி கிளைக்கவையிலிருந்து கேட்டாள்.

அவள் ஒரு காலை வேனின் கூரையில் வைத்து, பிறகு மறுகாலையும் வைத்து, மெல்ல உட்கார்ந்தாள். முன்கண்ணாடியின் மேலாகக் கீழே சறுக்கினாள். தினேஸ்வரி இடுப்பைப் பிடித்து இறக்கினாள். புஷ்பராணி தரையில் கால் வைத்ததும் குலசிங்கம் அவள் தோளிலிருந்த எறும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

"என்னைக் கேட்காமல் ஏன் ஏறினீர்?"

"நீங்கள் கிடக்கட்டும் என்றீங்கள். எனக்கு மனம் கேட்கேல்ல."

தினேஸ்வரி தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, "நெறைய பார்சல் இருக்கு ஆன்ட்டி, போறேன்" என்று கிளம்பினாள். அரைகுறையாக நின்ற மரத்தைக் காட்டி, "இதை நீங்க தொடாதீங்க. எங்க வீட்டுக்காரரு கரண்டு லைன் ஓரத்துல மரம் வெட்டுறவருதான். ஞாயித்துக்கெழமை கூட்டியாரேன்" என்றாள்.

சொன்னபடியே வந்தார்கள். அவள் கணவன் கோகிலன் நீளக் கம்பு வைத்த ரம்பத்தோடு வந்திருந்தான். "இந்தக் கொம்பை எடுக்கட்டா அங்கிள்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு வெட்டினான். குலசிங்கம் மரத்தடியில் நின்றபடி, இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தினேஸ்வரியும் புஷ்பராணியும் இலைகளை வாரிக் குவித்தார்கள். மதியம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சாப்பிட்டார்கள். சொதியை முதல்முறையாகச் சாப்பிட்ட கோகிலன் கிண்ணத்தையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டான்.

போகும்போது புஷ்பராணி தினேஸ்வரியின் கையைப் பிடித்தாள். "பிள்ளை, அன்றைக்கு நீர் வராமல் இருந்தால்..."

"வந்துட்டேன்ல ஆன்ட்டி. விடுங்க லா."

புஷ்பராணி பிடித்த கையை வேன் வரைக்கும் விடாமல் நடந்தாள்.

மறுநாள் காலை டிவி ஓடவில்லை. குலசிங்கம் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கோழி எரு இரண்டு மூட்டை வேணும். மழை தொடங்க முதல் போட்டுவிட வேணும். கடைக்குப் போவமே?"

ஆபரேஷனுக்குப் பிறகு, மருத்துவமனையைத் தவிர அவர் எங்கும் கிளம்பியதில்லை. புஷ்பராணி உடனே கார்ச் சாவியை எடுத்தாள்.

நாற்றுக்கடை வாசலில் அவர் தானே கதவைத் திறந்து இறங்கினார். கடைக்காரச் சீனர், "வா, நீண்ட நாள் காணோமே!" என்று கன்டனீஸில் கத்தினார். குலசிங்கம் அவருக்குத் தெரிந்த அரைகுறைக் கன்டனீஸில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டே எரு மூட்டைகளின் பக்கம் நடந்தார்கள். புஷ்பராணி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முருகா, அந்தப் பிள்ளையை நல்லா வைச்சிரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மூட்டை வைக்க இடம் பண்ணுவதற்காகக் காரின் பின்கதவைத் திறக்க இறங்கினாள்.