முன் சீட்டு

“இதேனு குரு, என்ன இது?” என்று கேட்டுக்கொண்டே, வண்டி சோதிக்கும் விநாயக் அந்தப் பலகையை விரலால் தட்டினான்.

பெங்களூரில் செயலி டாக்சி கம்பெனிக்காக வண்டி சோதிக்கும் இடம் அது. அதுவரை எல்லாம் சரியாகவே போயிருந்தது. மஞ்சள் போர்டு, பர்மிட், இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், போலீஸ் நற்சான்று என்று ஆஸ்டின் கோலார் தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் அலைந்து எல்லாவற்றையும் சேர்த்திருந்தான். பழைய வண்டிதான், ஆனால் வயது வரம்புக்குள்தான் இருந்தது. கடைசியில் டேஷ்போர்டில் வந்து நின்றது வில்லங்கம்.

முன் சீட்டுக்கு எதிரே, டேஷ்போர்டில் ஆணி முடுக்கிப் பொருத்தியிருந்தது அந்தப் பலகை. மேலே பஞ்சு வைத்து ரெக்சின் தைத்திருந்தான். சீட்டும் வழக்கமான இடத்தை விட்டு நகர்ந்து, குத்துச் செங்கல் போல நிமிர்ந்து நின்றது.

“எங்க நைனாவுக்கு, சார்.”

“நைனா எங்கே உக்காந்தா என்னப்பா? கஸ்டமர் நாலு பேர் வந்தா ஒருத்தர் முன்னாலதானே உக்காரணும்? கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கணும். கழட்டிட்டு வா, பாஸ் போடறேன்.”

கழற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் அது ஆஸ்டினின் அப்பா மரியகுழந்தையின் படுக்கை.

சுரங்கத்தில் பாறை துளைத்த காலத்துத் தூசி அவர் நெஞ்சுக்குள் கல்லாக உட்கார்ந்திருந்தது. படுத்தால் மூச்சு நின்றுவிடும். உட்கார்ந்து, கைகளை முன்னால் ஊன்றிக் கவிழ்ந்தால்தான் கொஞ்சம் காற்று இறங்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கென்றே ஆஸ்டின் இந்தக் காரை வாங்கினான். ஒருநாள் திரும்பி வரும்போது டேஷ்போர்டில் கவிழ்ந்தவர், வீடு இருக்கும் ஆண்டர்சன்பேட்டை வந்தும் எழவில்லை. பதறிப்போய்ப் பார்த்தால், குறட்டை! அன்றிலிருந்து வாசலில் நிற்கும் காரில்தான் அவருக்குத் தூக்கம்.

இப்போது ஃபாக்டரியில் ஆஸ்டினின் கான்ட்ராக்ட் வேலை போய்விட்டது. மகள் இந்து பி.யு.சி. படிக்கிறாள். வீட்டில் சம்பாதிக்கக்கூடிய பொருள் என்று இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மரியகுழந்தை யோசிக்கவே இல்லை.

“இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுகினு வந்த? அந்த சீட்ட கழட்டி வூட்டுக்குள்ள போடு. வண்டிக்கு வேற சீட்டு வாங்கிப் போடு. பலகைய எனக்கு எதுக்க ஒரு மேசைல அடிச்சிடு. அதே சீட்டு, அதே பலகை. இன்னா வித்தியாசம்?”

“தூக்கம் வருமா நைனா?”

“ஏன், உன் வண்டி தாலாட்டு பாடுதா?”

ராபர்ட்சன்பேட்டை காயலான் கடையில் ஒரு சீட்டு கிடைத்தது. ஆணித் துளைகளைக் கருப்பு மெழுகு வைத்து அடைத்தான். பழைய சீட்டை வீட்டுக்குள் இறக்கி அடியில் கட்டை கொடுத்ததும், மரியகுழந்தை அதில் உட்கார்ந்து கவிழ்ந்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. ஆஸ்டின் மனைவி தெரசாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் ஏனோ சிரிக்கவில்லை.

கார் பாஸாகிவிட்டது. திங்கட்கிழமை விடியலில் பெங்களூர் போனவன் வாரம் முழுக்க அங்கேயே ஓட்டினான். அறை எடுக்கக் கட்டுப்படியாகாமல், மற்ற டிரைவர்களைப் போலக் காரிலேயே தூங்கினான். காயலான் கடைச் சீட்டு நன்றாகச் சாய்ந்தது. தினமும் போனில் ஒரே கேள்வி: “நைனா தூங்குறாரா?” தினமும் ஒரே பதில்: “தூங்குறாரு.”

சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானமே ஊருக்கு வந்தான். வீட்டுக்குள் சீட்டு காலியாக இருந்தது.

“நைனா எங்க?”

தெரசா தெருவைக் காட்டினாள். பக்கத்து வீட்டு வால்டரின் ஆட்டோவுக்குள் இருந்தார் மரியகுழந்தை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் இரண்டு கைகளையும் போட்டு, அதன்மேல் தலையைக் கவிழ்த்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கம்பி குத்தாமல் இருக்க இந்துவின் பழைய ஸ்வெட்டர் சுற்றியிருந்தது.

வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த வால்டர் குரலைத் தாழ்த்தினான்.

“வா மச்சி. உங்கப்பா வாரம் பூரா என் வண்டிலதான் சவாரி. மீட்டர் போட்டேன்னு வை, நீ காரை வித்தாலும் தீராது.”

ஆஸ்டினுக்குச் சிரிப்பு வரவில்லை. தெரசாவிடம் திரும்பினான்.

“தூங்குறாருன்னு சொன்னியே?”

“தூங்குறாரே, இதோ! எங்கன்னு நீங்க கேக்கலியே.” சொல்லி முடிக்கும்முன் அவள் கண் கலங்கிவிட்டது. “அன்னிக்கு உங்க எதிர்ல தூங்குற மாதிரி நடிச்சாருங்க. நாலு பக்கமும் செவுரு, மேல கூரை, மறுபடியும் சுரங்கத்துக் கேஜ்ல ஏத்திக் கீழ எறக்குன மாதிரி கீதுன்றாரு. கார்ல சுத்திக் கண்ணாடி, வானம் தெரியும். சீட்ட வெளில போட்டுப் பாத்தோம். பனில இருமல் பிச்சிகினு வருது. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாரு மாமா.”

வால்டரின் பிழைப்போ ரயிலை நம்பியது. பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களை விடியலில் ஸ்டேஷனில் விட வேண்டும், ராத்திரி திரும்பக் கொண்டுவர வேண்டும். ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் ஆட்டோ சும்மா நிற்கும்போதுதான் மரியகுழந்தைக்குத் தூக்கம்.

சாயங்காலம் விழித்தவரிடம் ஆஸ்டின் சொன்னான், “நான் போவல நைனா. இங்கயே எதாவது ஓட்டிக்கிறேன்.”

“இங்கியா? இந்த ஊர்ல எவன்டா செல்போன்ல தட்டி வண்டி கூப்புடறான்? வால்டருக்கே சவாரி இல்ல. நீயும் நானும் சேந்து அந்த ஆட்டோல தூங்க வேண்டியதுதான்.” சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வெகு நேரம் நிற்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: “வண்டி நாளைக்கு இங்கதான நிக்கும்?”

“நிக்கும் நைனா.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் காரில் ஏறிவிட்டார். பலகை இல்லை. இரண்டு தலையணைகளை மடியில் அடுக்கி, டேஷ்போர்டில் கவிழ்ந்தார். சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. ஆஸ்டின் கார் ஜன்னலை விரலளவு இறக்கிவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். தெருவில் சத்தம் போட்டு விளையாடிய பிள்ளைகளைத் துரத்தினான். ஒரு வாரத் தூக்கத்தை அப்பா ஒரே மூச்சில் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை கருக்கலில் தெரசா டிபன் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றான்.

“எழுப்புங்க.”

“நீ எழுப்பு.”

“என்னால ஆவாதுங்க.”

ஆஸ்டின் கதவைத் திறந்து அப்பாவின் தோளைத் தொட்டான். அவர் எழவில்லை. இன்னொரு முறை தொட்டான். மரியகுழந்தை திடுக்கிட்டு நிமிர்ந்து, ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார்.

“ஷிப்டா?”

“ஆமா நைனா.”

தலையணைகளை எடுத்துக்கொண்டு இறங்கினார். டேஷ்போர்டில் கன்னம் பதிந்திருந்த இடத்தில் எச்சில் ஈரம் இருந்தது. வேட்டி முனையால் அதைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“கஸ்டமர் உக்கார்ற எடம். சுத்தமா வச்சிக்கோ.”

“உள்ள போய் உக்காருங்க நைனா. பனி கொட்டுது.”

“வால்டரு மொதல் ரயிலுக்குப் போயிகீறான். வந்துடுவான். நீ கெளம்பு.”

ஆஸ்டின் வண்டியை எடுத்தான். தெருக்கோடியில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தான். கார் நின்ற இடத்திலேயே, இரண்டு தலையணைகளையும் மார்போடு அணைத்தபடி, ஆட்டோ வரும் பக்கத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார் மரியகுழந்தை.