கோத்தா கினபாலுவுக்கு ஒரு மணி நேரம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பயண ஏஜென்சியில் பதினெட்டு வருடமாக டிக்கெட் போடுகிறேன். எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்னிடம் பொய் சொல்ல நினைக்கும் புருஷன் விமானத்தில் ஏறவே கூடாது. என் வீட்டுக்காரர் கமலநாதன் ஏறினார்.

அவருக்குச் சுபாங் ஜெயாவில் ஏர்கான் கம்பெனியில் வேலை. கோத்தா கினபாலுவில் ஒரு ஹோட்டலுக்கு ஏர்கான் மாட்டப் போவதாகச் சொன்னார். காலை பத்து மணிக்கு, விமானம் கிளம்பப் போகிறது என்று மெசேஜ். பதினொன்றேகாலுக்கு போன்.

"உஷா, எறங்கிட்டேன் லா."

"கோத்தா கினபாலுவுலயா? ரெண்டரை மணி நேரம் ஆகுமே!"

"காத்து பின்னால இருந்து தள்ளிருச்சு போல."

காற்று தள்ளினால் பத்து நிமிடம் மிச்சமாகும். ஒன்றேகால் மணி நேரமா மிச்சமாகும்? சரி என்று போனை வைத்தேன்.

அவர் திரும்பி வந்ததும் வெட்கத்தை விட்டுப் பையைச் சோதித்தேன். கைப்பிடியில் ஒட்டியிருந்த லக்கேஜ் சீட்டை அரைகுறையாகக் கிழித்திருந்தார். மிச்சத் துண்டில் பினாங்கின் மூன்றெழுத்துக் குறி இருந்தது. பினாங்குக்கு ஒரு மணி நேரம். கணக்கு சரியாகத்தான் வந்தது, ஆள்தான் சரியில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் கோத்தா கினபாலு என்றார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பையைத் திறந்தேன். சட்டைகளுக்கு நடுவில் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கிய பொட்டலம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்திய மருந்து! கூடவே ஒரு பாட்டில் நல்லெண்ணெய். ஐம்பத்து மூன்று வயதில் எவளோ ஒருத்தியிடம் பிள்ளை பெற்றிருக்கிறார். அழவில்லை. அவர் கிளம்பும் நேரத்தைப் பார்த்து, பினாங்குக்கு அதற்கு முந்தின விமானத்தில் எனக்கு ஒரு டிக்கெட் போட்டேன்.

பினாங்கு விமான நிலையத்தில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் வெளியே வந்து டாக்சி பிடித்தார். நானும் ஒன்றில் ஏறிப் பின்னாலேயே போனேன். ஜெலுத்தோங்கில் ஒரு பழைய அடுக்குமாடி. நாலாவது மாடியில் அவர் உள்ளே நுழைந்ததும், கதவு சாத்தும் முன் நான் தள்ளிக்கொண்டு போனேன்.

கைக்குழந்தையோடு நின்றவள் புனிதா. எங்கள் மகள். எனக்குப் பிடிக்காத பையனைக் கட்டிக்கொண்டாள் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டில் சட்டம் போட்டவள் நான்தான். அவள் பேர் என் காதில் விழக்கூடாது, எந்த ஊரில் இருக்கிறாள் என்றும் யாரும் எனக்குச் சொல்லக்கூடாது. உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை, பாருங்கள். எனக்குப் பயந்துதான் இந்த மனுஷன் ஊரை மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. புனிதா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். ஒரு மாதமாக நான் அவரைப் பார்த்த அதே பார்வை.

"சண்ட போட வந்தீங்களாம்மா?"

"இல்லம்மா."

அவள் நம்பவில்லை.

"எத்தன மணிக்கு ரிட்டர்ன் ஃப்ளைட்டு?"

எப்போது கிளம்புவாய் என்றுதான் கேட்டாள். இவரோடு இனி ஒரே வீட்டுக்குத் திரும்புவதில்லை என்ற ஆத்திரத்தில், வருவதற்கு மட்டும்தான் டிக்கெட் போட்டிருந்தேன். அந்தக் காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.

"ரிட்டர்ன் போடலம்மா" என்றேன்.