மீதி மீசை

சலூன்காரருக்குப் பல் டாக்டரிடம் போவது அதுதான் முதல் தடவை. கடைவாய்ப் பல் குடைச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவும் வழியில்லை. கடித்தால்தானே உயிர் போகிறது! கடைசியில் மனைவிதான் இழுத்து வந்தாள்.

வாசல் மேஜையில் இருந்த நர்ஸ் விசாரித்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“ஊசி போடுவீங்கன்னு வெறும் வயித்தோட வந்திருக்கேன்மா.”

“அய்யய்யோ, சாப்பிட்டுட்டுத்தான் வரணும். இல்லைன்னா மயக்கம் வரும். மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?”

“ஒண்ணும் கிடையாது.”

“பிரஷருக்கு தினமும் முழுங்கறாரு,” என்று மனைவி போட்டு உடைத்தாள். “டாக்டர்கிட்ட வந்துமா பொய் சொல்லுவீங்க?” என்று பையிலிருந்த வாழைப்பழத்தை உரித்து அவர் வாயில் திணித்தாள்.

உள்ளே சாய்வு நாற்காலியில் படுத்தார். இத்தனை காலம் ஊரார் கழுத்தில் துண்டு கட்டியவருக்கு இன்று நர்ஸ் துண்டு கட்டினாள். மாஸ்க் போட்ட டாக்டர் வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவினார். அந்தப் பின்கழுத்தைப் பார்த்ததும் சலூன்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

அது அவர் வெட்டிய வெட்டு! போன வாரம் மீசையை ஓரம் மட்டும் ஒதுக்கச் சொன்ன ஆளுக்குப் பாதி மீசையை வழித்துவிட்டு, மன்னிப்பும் கேட்காமல், “இப்ப இதான் சார் ஃபேஷன்” என்று அனுப்பிவைத்தாரே, அதே ஆள். மாஸ்க்குக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சலூன்காரருக்கு நன்றாகவே தெரியும்.

“எந்தப் பல்லு?”

“வலியே போயிடுச்சு சார். வீட்டுக்குக் கிளம்பட்டுமா?”

“படுங்க. வாயைத் திறங்க. அசையாதீங்க, அசைஞ்சா நான் பொறுப்பில்ல.”

தினமும் கடையில் இவர் சொல்கிற அதே வசனம். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான் போலிருக்கிறது. நல்ல பல்லாகப் பார்த்துப் பிடுங்கப் போகிறான் என்று பயத்தில் அவருக்குக் கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்கப் பார்த்தார். திறந்த வாயிலிருந்து “ஆஆ” என்று காற்றுதான் வந்தது.

“பேசாதீங்க. வலிச்சா கையைத் தூக்குங்க.”

அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

“இன்னும் ஊசியே போடலையே!” என்றார் டாக்டர்.

ஊசி ஏறியது, கன்னமும் நாக்கும் மரத்தன, ஏதோ கழன்றது. வாய்க்குள் துழாவினார். அந்தப் பக்கம் ஒரு பல்லும் நாக்குக்குத் தட்டுப்படவில்லை. போச்சு, எல்லாம் போச்சு! அவர் போட்ட கூச்சலில் நர்ஸ் கண்ணாடியோடு ஓடிவந்தாள்.

“ஒண்ணே ஒண்ணுதான் எடுத்திருக்கு. பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க. மரப்பு போற வரைக்கும் எதுவும் சாப்பிடாதீங்க, கன்னத்தையே கடிச்சுடுவீங்க.”

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். வலப்பக்கம் கம்பீரமான மீசை. இடப்பக்கம் இப்போதுதான் முளைவிட்ட புல்.

“அன்னிக்கு ஷேவ் பண்ணும்போதே உங்க கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டீங்க. பல்வலியிலதான் கை நழுவிச்சுன்னு அப்பவே தெரியும். வீட்டுலயும் மாஸ்க்கோடதான் அலையறேன். பல்லு போயாச்சு. இனிமே மீதி மீசையை நம்பி உங்ககிட்ட குடுக்கலாம்.”

சலூன்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயில் பஞ்சு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த வாரம் டாக்டர் கடைக்கு வந்தார். சலூன்காரர் துண்டைக் கட்டி, “தப்பு என்னுதுதான் சார், மன்னிச்சிடுங்க” என்றார். பிறகு கத்தியை எடுத்தார்.

“அசையாதீங்க சார்.”

துண்டுக்கு அடியிலிருந்து டாக்டரின் இரண்டு கைகளும் வெளியே வந்து கும்பிட்டன.