சீறுகிற குழாய்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நாள் முழுக்க நின்ற கால்களை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டேன். ஒரு அக்காக்காரியின் கை, அவளுக்கே தெரியாமல் செய்துவைத்த வேலையைச் சொல்கிறேன்.

அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பதினெட்டு வருஷ சர்வீஸ். தங்கைக்கும் அங்கேயே கருவிகளைக் கழுவி அடுக்குகிற வேலையை வாங்கிக் கொடுத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தத் தங்கைக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் மூன்று மாதம் முடியுமுன் கலைந்துபோனது. இப்போது மூன்றாவது, பத்து வாரம். வீட்டுக்குள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் அதைப் பற்றிப் பேசினார்கள்.

தியேட்டரில் நோயாளியைத் தூங்க வைக்கிற மருந்து ஆவியாகத்தான் போகும். நோயாளி மூச்சை விடும்போது மிச்ச ஆவி வெளியே வரும்; அதையே தினமும் சுவாசிப்பது வயிற்றுக் கருவுக்கு ஆகாது. அதை உறிஞ்சி மாடிக்கு மேலே தள்ளிவிட ஒரு குழாய் உண்டு; உறிஞ்சும்போது பாம்பாய்ச் சீறும், திறந்து மூட அதில் ஒரு திருகு. குழாய் பக்கத்தில் கண்ணாடிக் குழல், அதற்குள் ஒரு சிவப்பு மிதவை. மிதவை இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் உறிஞ்சுவது சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த மாதம் எல்லார் சட்டையிலும் ஆவியை அளக்கிற சின்ன வில்லையைக் குத்தி அனுப்பினார்கள். முடிவு வந்தது. இருக்கலாம் என்று வைத்திருக்கிற அளவைப் போல மூன்று மடங்கு. கர்ப்பத்தைப் பார்க்கிற டாக்டரம்மா தங்கையிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணு காத்து சரியாகணும், இல்ல நீ அந்த ரூமை விட்டு வெளிய வரணும்."

ஆஸ்பத்திரி மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். கசிவைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர், அதனால் எல்லாருக்கும் அவர் 'மூக்கு அண்ணன்'. நாலு நாள், ஆபரேஷன் எல்லாம் முடிந்த பிறகு வந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். வாஷரை மாற்றினார். மாடியேறி விசிறியைப் பார்த்தார். மிதவை கோட்டுக்கு நடுவில் சமர்த்தாக நின்றது.

"ஏறி எறங்கி என் முட்டி தேஞ்சதுதான் மிச்சம், சிஸ்டர். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப வில்லை பொய் சொல்லுதா, அண்ணே?" என்றாள் தங்கை.

"அதுக்கென்னம்மா, அதுக்கு சம்பளமா கிம்பளமா, பொய் சொல்ல?"

ஐந்தாம் நாள் காலையில், "ஆபரேஷன் நடக்கும்போது பாத்துடறேன்" என்று பச்சை உடுப்பு மாட்டி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

சர்ஜன் வந்தார். நோயாளி தூங்கினார். நர்ஸ் மேஜைக்குப் போகிற வழியில், திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை நீட்டிக் குழாயின் திருகைப் பாதி மூடினாள். சீற்றம் அடங்கியது. மிதவை கீழ்க்கோட்டுக்கும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மூக்கு அண்ணன் எழுந்து வந்து திருகைத் திறந்தார்.

"யாருய்யா அது? அந்தப் பாம்பை அடக்குங்க!" என்றார் சர்ஜன்.

நர்ஸின் கை தானாகத் திருகுக்குப் போனது.

"கையை எடுங்க சிஸ்டர். மிதவையைப் பாருங்க."

பார்த்தாள். திருகு திறந்ததும் அது ஏறி, கோட்டுக்கு நடுவில் நின்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் குழாயை மாட்டிய வாரத்தில், சத்தம் தனக்கு ஆகவில்லை என்று சர்ஜன் தாம்தூமென்று குதித்தார். அன்று பழகிய கை. வேலை முடிந்து அறையைத் துடைக்கும்போது மறுபடி முழுசாகத் திறந்துவிடுவாள். அப்போதுதான் கேட்பதற்கு ஆளில்லையே.

"சத்தத்தைத்தான் குறைக்கிறோம்னு நெனச்சேன்," என்றாள் மெதுவாக. பிறகு நிமிர்ந்தாள். "டாக்டர், இனிமே இது சத்தம் போடும்."

"எனக்குத் தலை வலிக்கும்."

"இந்த ஆவியில எங்க எல்லாருக்கும் ஆறு வருஷமா வலிச்சுக்கிட்டுதான் இருக்கு, டாக்டர்."

அவர் கையை நீட்டி, "கத்தி," என்றார்.

மதியம் உடை மாற்றுகிற அறையில் அக்கா தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "முன்னாடி ரெண்டு தடவையும் என்னாலதானோ என்னவோடீ. யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதாம், கேட்டுட்டேன்."

தங்கை சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"உன்கூட சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லக்கா. இந்த ஷூவைக் கழட்டி விடு, கால் வீங்கிப்போச்சு."

அக்கா குனிந்து கழற்றினாள்.

"வில்லையில அளவு குறையற வரைக்கும் நான் உள்ள வரமாட்டேன்."

"வராத. நானே போய்ச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"நான்தான் மூடினேன்னு."

சொன்னாள். மேலதிகாரி நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார், நடந்ததை எழுதியும் வாங்கிக்கொண்டார். தங்கையைத் துணி மடிக்கிற பகுதிக்கு மாற்றினார்கள். அடுத்த வில்லையில் அளவு இறங்கியிருந்தது. தங்கை நான்காம் மாதத்தில் காலெடுத்து வைத்தாள். அக்காவோடு பழையபடி சிரித்துப் பேச மட்டும் இன்னும் நாளாகும். அக்காவும் அவசரப்படுத்தவில்லை. சாயங்காலமானால் வாசலில் போய் நின்று, அவள் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடப்பாள்.

அவ்வளவுதான், என் செல்லங்களா. உங்கள் வீட்டில் மூச்சு விடுகிற ஒவ்வொருவருக்கும் நல்ல காற்றே கிடைக்கட்டும். சுமக்கிறவள் குறையில்லாமல் பெற்றெடுக்கட்டும். உழைத்துக் களைத்து வருகிறவர்களுக்கு உங்கள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே இருக்கட்டும்.