எமகண்டம் முடியும்வரை

ஹரிதாஸின் பாய்மரப் படகு முப்பத்திரண்டு அடி நீளம். மூன்று பேர் இருந்தால் ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும். அடுப்படியில் நிற்பவன் முதுகை உரசாமல் யாரும் கழிவறைக்குப் போக முடியாது. போனவர் கைப்பம்பை இருபது தடவை அடித்துத் தண்ணீர் இறைக்கும் சத்தம் மற்ற இருவருக்கும் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு சாவுச் செய்தியை ஏழு மணி நேரத்துக்கு மேல் மூடி வைத்தார்கள் என்றால், அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. மலாக்காவுக்கு வடக்கே தஞ்சோங் துவான் முனைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். இந்திராதேவி உள்ளே படுத்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவள் கைப்பேசி அடித்தது.

“அக்கா, நான் ஜெயா. பிச்சைமுத்துவோட அக்கா. அம்மா போய்ட்டாங்கக்கா. விடிகாலைல அஞ்சு மணிக்கு. தம்பிகிட்ட போனைக் கொடுங்களேன்.”

“ஐயோ… அவன் முன்னால நங்கூரம் தூக்கிட்டு இருக்கான்மா. நான் சொல்லிடுறேன்.”

“மூணு மணிக்கு எடுக்கிறோம்க்கா. அவன்தான் ஒரே மகன். வந்துடுவான்ல?”

“வந்துடுவான்மா. சொல்லிடுறேன்.”

அந்த நிமிடத்தில் அவள் சொன்னது பொய்யில்லை. ஏணியில் இரண்டு படி ஏறியும் விட்டாள். புருஷன் ஹரிதாஸ்தான் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“எங்க போற?”

“பிச்சைகிட்ட சொல்லணும். அவங்கம்மா…”

“கேட்டுச்சு. உட்காரு.”

ஹரிதாஸ் மலாக்கா பக்கம் ஆயர் குரோவில் ஏர்கான் காண்டிராக்டர். ஊரில் பாதிப் பெரிய கட்டடங்களைக் குளிர வைப்பவர். ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து லங்காவியில் இந்தப் படகை வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். ஐந்து நாள் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழும் வாங்கியிருந்தார். ஆனால் படகை ஓட்டியது பிச்சைமுத்து. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு படகுப் பட்டறையில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவன். பாய் ஏற்றுவது, இறக்குவது, சுக்கான் பிடிப்பது, சோறு வடிப்பது எல்லாம் அவன்தான். ஹரிதாஸ் தொப்பி போட்டுக்கொள்வார்.

“இங்க பாரு இந்திரா,” என்றார் ஹரிதாஸ், சின்னக் குரலில். “ஒன்றரைக்கு எமகண்டம் முடியுது. உடனே துறையிலேயே படகுக்குப் பூஜை. ரெண்டு மணிக்கு எல்லாம் முடிஞ்சிடும். நீயே கார்ல கொண்டுபோய் விடு. ரெண்டரைக்குப் புக்கிட் காத்தில்ல அவன் வீட்ல இருப்பான். அம்மா முகத்தைப் பார்ப்பான், கொள்ளி வைப்பான். யாருக்கு என்ன நஷ்டம்?”

“இப்பவே சொன்னா என்னங்க?”

“சொன்னா இந்த நிமிஷத்துலேருந்து அவனுக்குத் தீட்டு. தீட்டுக்காரனைப் படகுல வச்சுக்கிட்டு எப்படி பூஜை பண்றது? ஐயர் வர்றாரு, டத்தோ வர்றாரு, நாப்பது பேரைக் கூப்பிட்டிருக்கேன். காதுல விழுற வரைக்கும் தீட்டு இல்ல லா. எங்கப்பா செத்தப்போ லண்டன்ல இருந்த தம்பிக்கு எப்பலேருந்து கணக்கு வச்சோம்? அவன் கேட்ட நாள்லேருந்துதானே?”

“நாம கேட்டுட்டோமே.”

“நமக்கு அவங்க சொந்தமா?”

கேட்ட நாளிலிருந்து தீட்டு என்பது, கடிதம் கப்பலேறி வருவதற்கு மாதக்கணக்கில் ஆன காலத்தில், தூரத்துப் பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டு யாரோ வைத்த ஏற்பாடு. அதை ஒரு மூடியாகச் செய்து, பத்தடி தள்ளி நிற்பவன் காதில் அடைக்கலாம் என்று கண்டுபிடிக்க ஒரு ஹரிதாஸ் வேண்டியிருந்தது.

இந்திராதேவி உட்கார்ந்தாள். புருஷனுக்குப் பயந்து உட்கார்ந்தாள் என்று நினைக்க வேண்டாம். படகின் பின்புறத்தில் ஒரு பெயரை எழுதிச் சிவப்புத் துணியால் மூடியிருந்தார்கள். அது அவள் பெயர். அந்தத் துணியை இழுப்பதைப் பார்க்க அவளோடு படித்த ஏழு பெண்கள் வருகிறார்கள். அதில் இரண்டு பேர் கல்யாணத்தின்போது மாப்பிள்ளையின் நிறத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள். முப்பது வருஷமாக அவள் அதை மறக்கவில்லை.

பிச்சைமுத்து கையெல்லாம் சேறாக வந்தான். நாற்பத்து நான்கு வயசு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு ஒரு வீட்டை வாங்கிக் கொடுப்பதற்குள் அந்த வயசு ஓடிவிட்டது.

“அக்கா, போன் தர்றீங்களா? அம்மா இந்நேரம் தேத்தண்ணி குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கும்.”

வரும் வழியில் பங்கோர் தீவுப் பக்கம் பாயை இழுத்துக் கட்டும்போது அவன் கைப்பேசி கடலில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவளுடையதை வாங்கித்தான் அம்மாவோடு பேசுவான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கால் வீக்கம் எப்படி இருக்கு. இந்த மூன்று கேள்விதான். முடிந்ததும் திரையைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுப்பான்.

“லைன் இல்ல பிச்சை,” என்றாள் இந்திராதேவி.

கரை ஒரு மைல் தூரம்கூட இல்லை. மரங்களுக்கு மேலே கைப்பேசிக் கோபுரம் ஒன்று தெரிந்தது. பிச்சைமுத்து அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டினான்.

“பரவாயில்லக்கா. இன்னிக்கு நேர்லயே பார்க்கப் போறேனே. பங்கோர் நெத்திலி ஒரு கிலோ வாங்கி வச்சிருக்கேன். நெத்திலி சம்பல்னா அம்மாவுக்கு உயிரு.”

காற்று இல்லை. எஞ்சினை ஓட்டிக்கொண்டு கரையோரமாகத் தெற்கே வந்தார்கள். ஒன்பதரை மணிக்குப் பெங்காலான் பாலாக் கடற்கரை தெரிந்தது. பிள்ளைகள் தண்ணீரில் விளையாடுவதும், சாலையில் கார்கள் போவதும் தெரிந்தது. படகின் பின்னால் கயிற்றில் கட்டிய ரப்பர் படகு குதித்துக்கொண்டே வந்தது. அதில் ஏற்றி அனுப்பினால் இருபது நிமிடத்தில் கரை. அங்கே ஒரு காரைப் பிடித்தால் பதினொரு மணிக்கு அம்மா தலைமாட்டில் இருப்பான். இந்திராதேவி ரப்பர் படகைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை ஹரிதாஸ் பார்த்தார்.

“அலை இருக்கு,” என்றார், யாரும் எதுவும் கேட்காமலேயே. கடல் குளம் மாதிரிக் கிடந்தது.

பதினொரு மணிக்கு ஜெயா மறுபடியும் கூப்பிட்டாள். பிச்சைமுத்து அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தான். படகு சாயும்போது சட்டி நழுவாமல் இருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி போட்டிருந்தது. பேசுவதற்கு வேறு இடம் இல்லை. இந்திராதேவி கழிவறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள். ஒரு கையால் கைப்பம்பை அடித்துக்கொண்டே மற்றக் கையால் கைப்பேசியைக் காதில் வைத்தாள்.

“சொல்லிட்டீங்களாக்கா?”

“சொல்லிட்டேன்மா.”

“ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்களேன்.”

“அழுதுக்கிட்டு இருக்கான்மா. பேச்சே வரல. வந்துடுவான், நீ கவலைப்படாதே.”

கடல் தண்ணீர் கிண்ணத்தில் சுழன்று இறங்கியது. வெளியே பிச்சைமுத்து, “அக்கா, ரசத்துக்குக் காரம் தூக்கலா வேணுமா?” என்று கேட்டான்.

பன்னிரண்டு மணிக்கு மலாக்கா தெரிந்தது. தெங்கேராப் பக்கத்துப் பள்ளிவாசல் கோபுரம், அதற்கு இந்தப் பக்கம் உயர உயரமாகக் கட்டடங்கள், அதற்கும் முன்னால் அவர்கள் போய்ச் சேர வேண்டிய படகுத்துறை. துறையில் கட்டியிருந்த பந்தலின் மஞ்சள் துணிகூடத் தெரிந்தது. எஞ்சினை நிறுத்தச் சொன்னார் ஹரிதாஸ்.

“எமகண்டத்துல கரையைத் தொடக்கூடாது. ஒன்றரை ஆகட்டும்.”

“ஆமா பாஸ், அதுதான் நல்லது,” என்றான் பிச்சைமுத்து. அவன் கடவுள் பக்தி உள்ளவன்.

ஒன்றரை மணி நேரம் படகு சும்மா மிதந்தது. அந்த நேரத்தில் அவன் தளத்தைக் கழுவினான், கயிறுகளை வட்டமாகச் சுற்றி வைத்தான், பித்தளையைத் துடைத்தான். பிறகு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெற்றவள் வீட்டில் கிடக்கும்போது மகன் பச்சைத் தண்ணீர் குடிக்கவே யோசிப்பான். இந்திராதேவி அவனுக்குச் சோறு போட்டாள். உருளைக்கிழங்கு சம்பல் வைத்தாள். அவன் கூச்சப்பட்டுக்கொண்டே இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினான். அவள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மறுபடியும் ரசம் ஊற்றினாள். அதில் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

ஒன்று முப்பத்து மூன்றுக்குப் படகு துறையைத் தொட்டது. பிச்சைமுத்து ஒரு கையில் கயிறோடு தாவி இறங்கி, பலகையில் கீறல் விழாமல் கட்டினான். நாற்பது பேரும் கைதட்டினார்கள். ஐயர் மந்திரம் சொன்னார். ஹரிதாஸுக்குத் தாராள மனசு பொங்கிவிட்டது. தன் கழுத்து மாலையைக் கழற்றிப் பிச்சைமுத்துவுக்குப் போட்டு, “இவன்தான் நம்ம கேப்டன்!” என்றார். குங்குமம் தடவிய பூசணிக்காயை அவன்தான் சுற்றி உடைத்தான். மாலையும் கழுத்துமாக, கையெல்லாம் சிவப்பாக, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் அவனுக்கு விழுந்த முதல் மாலை அது. ஹரிதாஸ் அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்து, அங்கேயே நின்று கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மணி ஒன்று நாற்பத்தைந்து.

துணியை இழுத்தார்கள். தங்க எழுத்தில் இந்திராதேவி. ஏழு தோழிகளும் வாயைப் பிளந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டத்தோ பட்டம் வாங்கிய அந்தப் பெரிய மனிதர் தாமதமாக வந்து, படகின் உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்பட்டார். எல்லாம் முடிந்து இந்திராதேவி காரை எடுக்கும்போது இரண்டு இருபது.

“உங்கம்மாவுக்குக் கொஞ்சம் முடியலையாம் பிச்சை. வா, நான் கொண்டு விடுறேன்.”

“ஐயோ, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களா?”

“இல்ல. வீட்லதான்.”

வழியில் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் அடுத்த சிக்னலில் சொல்லலாம் என்று இருந்தாள். அவன் மடியில் நெத்திலிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, “சம்பல் பண்ணிக் கொடுத்தா எழுந்து உட்கார்ந்துடும் அக்கா” என்றான். புக்கிட் காத்திலில் அவன் வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது மணி இரண்டு நாற்பத்தைந்து. பதினைந்து நிமிடம் மிச்சம் இருக்கிறது, சமாளித்துவிட்டோம் என்று அவளுக்கு உண்மையாகவே மூச்சு வந்தது.

தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தது. அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். வீட்டு வாசலில் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிணம் போன பிறகுதான் வீட்டைக் கழுவுவார்கள்.

கார் நிற்பதற்குள் பிச்சைமுத்து இறங்கிவிட்டான். பொட்டலம் கையிலேயே இருந்தது. கழுத்தில் மாலை இல்லை, ஆனால் சட்டையில் குங்குமம் இருந்தது. ஜெயா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வாசலை மறித்து நின்றாள்.

“உள்ள வராதே.”

“ஜெயாக்கா… அம்மா?”

“அம்மாவா? இப்ப வந்து அம்மாவா?” அவள் இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இது யாரு? மாலை! சிரிப்பு! கையில பூசணிக்கா! பெத்தவ கிடக்கிறா, மகன் வந்துடுவான்னு எல்லாரும் வெயில்ல காத்துக்கிட்டு இருக்கோம். கோயில் குழுவுலேருந்து சின்னத்தம்பி மாமா போன்ல இது வந்துச்சு. எல்லாரும் பார்த்தாங்க. இவனுக்காக மூணு மணி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், தூக்குங்கடான்னுட்டாரு. என் மகன்தான் சுடுகாட்டு எரியடுப்புல பொத்தானை அமுக்கினான். இப்பதான் போன் பண்ணான். முடிஞ்சு போச்சு.”

பிச்சைமுத்து அந்தப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எனக்குத் தெரியாதுக்கா! சத்தியமா எனக்குத் தெரியாது!”

“தெரியாதா? ஏழு மணிக்குச் சொன்னேன். பதினோரு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டேன். நீ அழுதுக்கிட்டு இருக்கேன்னு இவங்கதானே சொன்னாங்க!”

எல்லோரும் காரைப் பார்த்தார்கள். இந்திராதேவி பட்டுச் சேலையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிச்சைமுத்து திரும்பினான்.

“அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஒரு வார்த்தைதான். அது அவள் நாக்கு நுனிவரை வந்தது. அந்த வார்த்தைக்குப் பின்னால் கழிவறைக் கைப்பம்பும், உருளைக்கிழங்கு சம்பலும், ரப்பர் படகும் வரிசையாக வந்து நின்றன. தெருவில் முப்பது பேர் இருந்தார்கள். அதில் கோயில் குழுவில் இருப்பவர்களும் இருந்தார்கள்.

“காலையிலேயே சொன்னேனே, பிச்சை,” என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். கோபப்படவில்லை. கைப்பேசிக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தானே, அதே பார்வை. இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. ஜெயா அவன் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, பிரித்துப் பார்த்து, “சாவு வீட்டுக்கு நெத்திலியா கொண்டுவர்றே?” என்று சாலையில் எறிந்தாள். பை கிழிந்து சாக்கடை வரைக்கும் சிதறியது. அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான்.

யாரோ ஒரு பெண் தீட்டுக் கழியச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து இந்திராதேவியின் காலில் ஊற்றினாள். “பாவம், நீங்க வேலை மெனக்கெட்டுக் கொண்டாந்து விட்டீங்க. இவன் இப்படி ஆயிட்டான்,” என்றாள். இந்திராதேவி சேலையைத் தூக்கிப் பிடித்து இரண்டு காலையும் காட்டினாள்.

காரில் ஏறியதும் ஹரிதாஸ் கூப்பிட்டார்.

“கொண்டு விட்டுட்டியா? கேட்டுட்டானா?”

“கேட்டுட்டான்.”

“சரி. நீ வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்திட்டு வா. அப்புறம், பதினாறு நாளைக்குப் படகுப் பக்கம் வர வேணாம்னு அவன்கிட்ட சொல்லிடு லா.”

பின்புறக் கண்ணாடியில் அவன் தெரிந்தான். சாக்கடை ஓரத்தில் குந்தியபடி இன்னும் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“சொல்லிடுறேன்,” என்றாள் இந்திராதேவி.