இடது பக்க ஸ்பீக்கர்

1

இந்தக் கதை எங்கள் பழைய காரின் இடது பக்க ஸ்பீக்கரிலிருந்து வந்தது. இன்னும் உயர்ந்த இடத்திலிருந்து வந்ததாகச் சொல்லத்தான் ஆசை.

முதல் தொடக்கம்: மஞ்சக்குட்டையில் மேகம் இறங்கிய ஒரு காலையில்— (வேண்டாம். ஏற்காடு என்றாலே எல்லோரும் மேகத்தை இறக்கிவிடுகிறார்கள்.)

இரண்டாவது: "ஏனுங்க, இடது பக்கம் பாட்டே வரமாட்டேங்குது. ஸ்பீக்கர மாத்தீரலாங்க."

இது சிவசக்தி சொன்னது. என் மனைவி, எஸ்டேட்டில் ரைட்டர்.* கார் ஓட்டுவதும் அவள்தான். சனிக்கிழமைதோறும் சேலத்துக்கு இறங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, எழுதப்போகும் கதையை அவளிடம் சொல்லிப் பார்ப்பேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் ஒரு கதை அடங்கும். அடிவாரத்தில், "நொம்ப நல்லாருக்குதுங்க" என்பாள். அதை நம்பித்தான் இரண்டு வருடமாக எழுதுகிறேன்.

* ஆள் பேரும் வேலையும் பதிகிற உத்தியோகம். எங்கள் வீட்டில் எழுதிச் சம்பளம் வாங்குவது அவள் மட்டுமே.

எனக்கு அந்த ஸ்பீக்கர் நன்றாகவே கேட்டது. ஆனாலும் புதுசுக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

2

சேலத்துக் கடைக்காரர் பெயர் சரவணன். நாலாயிரத்துக்குள் வேண்டும் என்றோம்.

"தனியா ஆம்ப்ளிஃபயர் இல்லாத வண்டிக்குப் பெரிய வாட்ஸ் தண்டமுங்க. இந்த ஜோடி போதும்."

பலகையில் மாட்டிப் பாடவிட்டார். இடது பக்கம் பாடவில்லை என்றாள் சிவசக்தி. வேறு ஜோடி மாட்டினார். அதிலும் இடது பாடவில்லையாம். வயரை மாற்றிச் செருகினார். அப்போதும் இடதுதான்.

"மலையிலிருந்து எறங்கி வந்தீங்களாக்கா? காது அடைச்சிருக்கும். எச்சி முழுங்குங்க."

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காது ஏறினாலும் அடைக்கும், இறங்கினாலும் அடைக்கும். அவள் அடைக்கிறது என்ற போதெல்லாம் எச்சில் முழுங்கச் சொன்னவன் நானேதான். இப்போதும் முழுங்கினாள்.

சரவணன் யோசித்தார். "அக்கா, பலகைக்கு முதுகக் காட்டி நில்லுங்க."

திரும்பி நின்றாள். இதுவரை நன்றாகப் பாடிய வலது பக்க ஸ்பீக்கர் இப்போது பாடவில்லை என்றாள்.

"ஸ்பீக்கர்ல குத்தமில்லீங்க. மொதல்ல காது டாக்டரப் பாருங்க."

[வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பும் கடைக்காரரை நீங்கள் நம்பமாட்டீர்கள். அவரைக் கதையிலிருந்து அடித்துவிட நினைத்தேன். மனம் வரவில்லை.]

3

பயமாக இருந்தது. திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கினோம். காரில் ஏறியதும்தான் இன்னொன்று உறைத்தது. ஓட்டுகிறவளுக்கு இடது பக்கம் உட்காருகிறவன் நான்.

"அப்ப என் கதையெல்லாம்?"

"வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க. நீங்க அத்தன சந்தோசமாச் சொல்லிட்டு வாறீங்க. கேக்கலைன்னு எப்பிடீங்க சொல்றது?"

சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

4

முடிவு ஒன்று: டாக்டர் காதைப் பார்த்துவிட்டு— (அவர் சொல்லவேண்டியதை நான் சொல்லக்கூடாது.)

முடிவு இரண்டு: காது சரியாகி, என் பழைய கதைகளையெல்லாம் அவள் கேட்டு— (இது இன்னும் பயமாக இருக்கிறது.)

முடிவு மூன்று: மலையேறும்போது பின்சீட்டுக்கு மாறி, அவள் வலது காதருகே குனிந்து, முதல் வளைவிலிருந்து இந்தக் கதையைச் சொன்னேன். ஒன்பதாவது வளைவில் சிரித்தாள். இருபதாவது தாண்டி வண்டியை ஓரங்கட்டினாள்.

"ஏனுங்க, முடிவு செரியில்லீங்க. மாத்துங்க."

இரண்டு வருடத்தில் அவள் சொன்ன முதல் குறை. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பாராட்டுக்கும் இருந்ததில்லை.

காரில் அவளிடம் சொன்ன அந்த முடிவை அடித்துவிட்டேன். வேறு ஒன்று உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். வலது பக்கமாக வந்து சொல்லுங்கள், அவளும் கேட்கட்டும்.